தேன் நாய்

செக்காலை ரோட்டில் நாங்கள் திரும்பினால்
முதலில் நிற்பவை சைக்கிள்கள்.
அப்புறம் டவுன் பஸ் டிரைவரின் கழுத்து திரும்பும்.
இட்லி மாவு வாங்க வந்தவர்களின் பேச்சு
பாதி வாக்கியத்தில் அறுந்து போகும்.

"கன்னுக்குட்டியாம்மா?"
"சிறுத்தையோட கலப்பா?"
"சேணம் போட்டா நானே ஏறலாம் போல."

வெள்ளையில் கறுப்பு சிந்தியது மாதிரி உடம்பு.
நின்றால் முதுகு என் இடுப்புக்கு வரும்.
பெயர் அவல்.
வாயைத் திறந்தாலே வந்துவிடும் பெயராகத்
தேடித் தேடி வைத்தேன்.

எனக்குத் திக்கும்.
அதிலும் 'க'.
கதவிடுக்கில் சேலை மாட்டியது போல
நானும் நிற்பேன், சொல்லும் நிற்கும்.
எதிரே இருப்பவர் என் உதட்டைப் பார்ப்பார்,
பிறகு கைக்கடிகாரத்தை.
காரைக்குடி என்று டிக்கெட் கேட்க வராமல்
தேவகோட்டைக்குக் காசு கொடுத்துக்
காரைக்குடியில் இறங்கியிருக்கிறேன்,
பதினோரு வருஷம்.

இப்போது ஊரே என்னிடம் பேசுகிறது.
என்ன சாப்பிடும், கடிக்குமா, என்ன வெல,
வீட்டுக்குள்ளயா படுக்கும்,
உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா.
மொத்தம் ஏழு கேள்விதான்.
சொல்லிச் சொல்லி என் பதில்கள்
எண்ணெய் போட்டுத் துடைத்த ஆத்தங்குடித் தரையாகிவிட்டன.
நாக்கு வழுக்கிக்கொண்டு போகிறது.
"ரெண்டு வேளை சோறும் ஈரலும்."
"இடி இடிச்சா மேஜைக்கு அடியில நுழையும்.
தலை மட்டும்தான் போகும்."

என்ன சாதி நாய் என்றபோது மட்டும்
முதல் சொல்லை விழுங்கிவிட்டு
"டேன்" என்றேன், டீக்கடையில்.
"தேனா?" என்றார் வடை போடுகிறவர்.
அன்றிலிருந்து கல்லுக்கட்டி முழுக்க
இது தேன் நாய்.
தேன் குடித்துத்தான் வளருமாம்.
அதுவும் மலைத்தேனாம்.
மாதம் பன்னிரண்டாயிரம் ஆகிறதாம் எனக்கு.
நான் திருத்தவில்லை.
திருத்த ஒரு 'க' வேண்டும்.

பழம்பொருள் கடைக்காரர் ஒருவர்
அவலை இரண்டு முறை சுற்றி வந்தார்,
பர்மா தேக்குத் தூணைப் பார்ப்பவர் போல.
தட்டிப் பார்க்க நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு
"எந்த வீட்ல எடுத்தீங்க?" என்றார்.

தேய்பிறை அஷ்டமியன்று
பட்டுச்சேலைக்காரி ஒருத்தி
வயிரவர் வாகனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
அதே கையால் பிள்ளையை இழுத்து
முந்தானைக்குள் ஒளித்தாள்.

எல்லோரும் நல்லவர்கள்தான்.
என்னை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.
அது வசதியாகவும் இருந்தது.
ஒத்துக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை
தண்ணீர் கேன் போட வந்த புது ஆள்
அவலைப் பார்த்து ஒரு கேனை நழுவவிட்டார்.
அது உருண்டு சாக்கடைக் கல்லில் முட்டி நின்றது.
தோளில் இன்னொன்று.
மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:
"உங்க பேரென்ன?"

அது என் ஏழில் இல்லை.

கண்ணாத்தாள்.
நாட்டரசன்கோட்டையில் யாரோ செய்த வேண்டுதல்
என் தொண்டையில் வந்து மாட்டிக்கொண்ட பெயர்.

க.
க.
க

அவருக்குக் கைக்கடிகாரம் இல்லை.
போனை எடுத்துப் பார்த்திருப்பார்.
அதற்குள் அவல் போய் அவர் தொடையில் சாய்ந்தது.
அந்த இனமே அப்படி,
பிடித்தவர் மேல் அறுபத்தெட்டுக் கிலோவையும்
இறக்கி வைத்துவிடும்.
முதுகில் சுவர், தோளில் கேன்.
நகர வழியில்லாமல் நின்றார்.
வழியில்லாமல்தான்.
ஆனாலும் நின்றார்.
மீன்காரரின் மொபெட்
தெருக்கோடி வரை கூவிப் போய்த் திரும்பியது.

"...ண்ணாத்தாள்."

"நான் செபஸ்தி" என்றார்.
கொஞ்சம் யோசித்து,
இருந்த ஒரு கையால் அவலின் காதைத் தொட்டு,
"நெசமாவே தேன்தான் குடிக்குமா?"

பார்த்தேன்.
அவல் இன்னும் சாய்ந்துதான் இருந்தது.

ஆரம்பித்தேன்.